ஒரத்துப்பாளையத்து உப்பு

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் சாப்பாட்டுப் பையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நமக்குப் பக்கத்து மெஷினில் தைக்கும் சகோதர சகோதரிகளே!

1932 ஜனவரி 10ஆம் தேதி இந்தத் திருப்பூர்த் தெருவில் தடியடி பட்டு விழுந்தார் குமரன். மறுநாள் உயிர் போய்விட்டது. கொடி காத்த கதையை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர் எந்த ஊர்க்காரர்? சென்னிமலை. அந்தச் சென்னிமலைக்குப் பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. குமரன் உயிரைக் கொடுத்த ஊர், குமரனைப் பெற்ற சீமைக்கு என்ன அனுப்பிவைத்தது தெரியுமா? சாயத்தண்ணீரை அனுப்பிவைத்தது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற ஆறு நொய்யல். அதன் குறுக்கே 1992இல் பாசனத்துக்கென்று திறந்த அணை அது. கரூர்ச் சீமை வரைக்கும் சுமார் 10 ஆயிரம் ஏக்கர் விளையும் என்றார்கள். சில வருஷம்தான். அதற்குள் விவசாயிகளே அதிகாரிகளிடம் போய், “ஐயா, அணையைத் திறந்துவிடாதீர்கள்” என்று கெஞ்சினார்கள். மடையைத் திற என்று சண்டை போடும் விவசாயியைப் பார்த்திருக்கிறீர்கள். மூடு என்று அழுத விவசாயி எங்கள் பக்கத்தில்தான் இருந்தார்.

சாயப்பட்டறையில் வேலை செய்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். மூட்டை மூட்டையாகப் போடுகிறோம். சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு ஏறாது. போட்ட உப்பு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை எடுக்கலாம், நாற்றத்தை எடுக்கலாம். கரைந்த உப்பை எடுக்க வேண்டுமென்றால் வடிகட்ட வேண்டும், காய்ச்ச வேண்டும், கரண்டும் விறகும் பணமும் வேண்டும். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துத்தான் பனியன் மலிவாகக் கப்பல் ஏறியது. மிச்சம் பிடித்த உப்பு எங்கே போனது? எங்கள் அப்பாருவின் கிணற்றுக்குப் போனது.

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். 60 அடிக் கிணறு. நான் சிறுமியாக இருந்தபோது அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனது. பிறகு தென்னங்குருத்து கருகியது. எருமை தொட்டியில் மூஞ்சியை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்ளும். கடைசியில் மாட்டை விற்றோம். அம்மாவும் நானும் திருப்பூருக்கு பஸ் ஏறினோம். ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தேன். எங்கள் கிணற்றைக் கெடுத்த சாயம் ஏறிய துணியையே மடித்து அடுக்கினேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் இரண்டு தலித் குடும்பத்தினர் வேலை செய்தார்கள். களை எடுத்ததும் தண்ணீர் பாய்ச்சியதும் அவர்கள்தான். அதே கிணற்றுத் தண்ணீரை எங்கள் வீட்டில் அவர்களுக்குத் தனி டம்ளரில் ஊற்றினோம். கிணறு கெட்டபோது அவர்கள் பிழைப்பும் சேர்ந்தே போனது. பிறகு இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் வந்தது, கணக்கெடுத்தது, 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு என்று தீர்ப்பானது. இழப்பீட்டை நிலத்தை அளந்து கொடுத்தார்கள். பட்டா இருந்தவருக்குக் கிடைத்தது. அந்த இரண்டு குடும்பத்துக்கும் எந்த சர்வே நம்பரும் கிடையாது. உப்புத் தண்ணீரைக் குடித்தவர் பட்டியலில் அவர்கள் இருந்தார்கள், காசு வாங்கியவர் பட்டியலில் இல்லை. நதியைப் பற்றிப் பேசும்போது சாதியை ஏன் இழுக்கிறாய் என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

எளியவர்களே இப்படி நஷ்டப்படுவது நம் ஊரில் மட்டும் நடப்பதா? 1982இல் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில் வாரன் கவுண்டி என்ற இடம். விஷம் கலந்த மண்ணை எங்கே புதைக்கலாம் என்று பார்த்த அரசாங்கம், கறுப்பின ஏழைகள் அதிகம் வாழும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது. ஜனங்கள் லாரிக்குக் குறுக்கே சாலையில் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். மண்ணைப் புதைத்துத்தான் விட்டார்கள். ஆனால் அழுக்கு யார் வாசலில் கொட்டப்படுகிறது என்ற கேள்வியை அதற்கப்புறம் அந்த நாட்டில் யாராலும் புதைக்க முடியவில்லை.

நம் கதைக்கு வருகிறேன். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் 2003இல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது, விடுகிறவரை லிட்டருக்கு இத்தனை பைசா அபராதம் கட்டு என்றது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்போதும் தண்ணீர் ஓடியது. 2011 ஜனவரி 28ஆம் தேதி, 700க்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம்.

அந்த வாரம் நான் எங்கே நின்றேன்? பட்டறையைத் திற என்று தெருவில் நின்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. துணி வராவிட்டால் எனக்கு வேலை இல்லை, சனிக்கிழமை சம்பளம் இல்லை. அந்தப் பக்கம் எங்கள் அப்பாரு மாதிரி விவசாயிகள், இந்தப் பக்கம் நாங்கள். தாத்தா ஒரு பக்கம், பேத்தி ஒரு பக்கம். தோழர்களே, அன்றைக்கு நாம் தோற்றது கோர்ட்டில் இல்லை. விவசாயி வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் போய் உட்கார்ந்து பேசாததில் தோற்றோம். மூடிய நாட்களுக்குக் கூலி யார் தருவது என்று நாம் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் நமக்காகக் கேட்டிருப்பார்கள், நாம் அவர்களுக்காகக் கேட்டிருப்போம்.

இன்றைக்குக் கண்காட்சியில் திருப்பூர்தான் முன்மாதிரி என்கிறார்கள். கழிவுநீரே வெளியேறாத ஊர், தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் ஊர் என்று வெளிநாட்டுக்காரரிடம் பெருமை பேசுகிறார்கள். பேசட்டும், முடியாது என்று சொன்னதைச் செய்து காட்டிய ஊர்தான் இது. ஆனால் அந்தப் பெருமையைச் சம்பாதித்துக் கொடுத்தது யார்? காய்ந்த தென்னைக்கு அடியில் கூட்டம் போட்டு, வக்கீலுக்குக் காசு திரட்டி, வருஷக்கணக்காக அலைந்த விவசாயிகள். அந்தக் கண்காட்சிப் படங்களில் அவர்கள் முகம் எங்கே? மீட்க முடியாத கலப்பு உப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பெருமழை வந்தால் ஆற்றில் நுரை எப்படி வருகிறது?

கூலி விஷயத்திலும் இந்த ஊருக்கு ஞாபகசக்தி வேண்டும். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் நம் முன்னோர்கள். அடுப்பு எரியாத 127 நாள். அதற்கப்புறம் என்ன நடந்தது? ஒரு கூரைக்கடியில் இருந்த கம்பெனி துண்டு துண்டாகியது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் பவர்டேபிள்காரரிடம், காஜா பட்டன் இன்னொரு சந்தில். பீஸ் ரேட், ஜாப் வொர்க், ஒன்றரை ஷிப்ட். ஒரே பனியனைச் செய்கிற பத்துப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஏற்பாடு இது.

நூல் மில்களிலோ சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருஷம் விடுதியில் இரு, கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். மஞ்சள் கயிற்றைக் காட்டிச் சின்னப் பெண்களைக் காம்பவுண்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டாள். கொன்றதாகக் கைதானவன் அவளுடைய சூப்பர்வைசர். அழுதுவிட்டு விடவில்லை, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனைச் சேர்ந்த பெண்கள். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் அது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஆலை நிர்வாகம் கையெழுத்துப் போட்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் என்று துணி வாங்குகிற பெரிய கம்பெனிகளும் தனியாக ஒப்பந்தம் போட்டன. தொந்தரவு செய்கிறவனைப் பற்றித் தொழிலாளியே புகார் எழுதலாம், ஆலை கேட்காவிட்டால் வாங்குகிறவர் ஆர்டரைக் குறைக்க வேண்டும் என்றது அந்த ஒப்பந்தம். ஆசியாவிலேயே இந்த மாதிரி ஒப்பந்தம் அதற்கு முன்பு கிடையாது. நம்மால் முடியாதென்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்து, “வடக்கன்”. இந்தச் சொல் இங்கே உட்கார்ந்திருக்கும் நம் வாயிலும் வருகிறது. 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள், பீகார்காரர்களைத் தமிழர்கள் அடிக்கிறார்கள் என்று. பயந்துபோன பையன்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து இந்த ஊரில் விசாரித்துவிட்டுப் போனது. வீடியோ பொய்தான். ஆனால் அது ஏன் அவ்வளவு சுலபமாக எடுபட்டது? அறைக்குப் பத்துப் பேரைப் போட்டு வாடகை வாங்கியது யார்? அவன் கம்மி ரேட்டுக்கு வருகிறான் என்று கோபப்படுகிறோமே, அந்த ரேட்டை அவனா நிர்ணயித்தான்? காங்கேயத்திலிருந்து நான் வந்தபோது உள்ளூர் டெய்லர்கள் என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டது. சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர் ஆட்டம் கண்டது. சுமையை முதலில் யார் தலையில் இறக்கினார்கள்? ஷிப்டைக் குறைத்தபோது தமிழன், பீகாரி என்று பார்க்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இது. வார்டுக்கு ஒரு குழு. அதில் ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளி, ஒரு தையல்காரர், விடுதியில் தங்கி வேலை செய்யும் ஒரு பெண், இந்தி அல்லது ஒடியா பேசும் ஒருவர். மாதம் ஒரு முறை ஆற்றின் கீழ்ப்பக்கம் உள்ள ஊர்களுக்குப் போக வேண்டும், பட்டா உள்ள வீட்டுக்கும் போக வேண்டும், காலனிக்கும் போக வேண்டும். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் நம் கோரிக்கைப் பட்டியலில் ஆறும் இருக்க வேண்டும், விடுதிக் கதவும் இருக்க வேண்டும். தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவும் நியாயமான கூலியும் துணியின் விலையிலேயே இருக்க வேண்டும் என்று வாங்குகிறவரிடம் கேட்க வேண்டும். முதலாளிகள் நம்மோடு சேர்ந்து கேட்டால் நல்லது.

அடுத்துப் பேசப் போகிறவர் சமஸ்திபூர்ப் பக்கத்துப் பெண். ஓவர்லாக் தைக்கிறவர். இந்தியில் பேசுவார். நம் பேச்சை இவ்வளவு நேரம் அவர் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். மைக்கை அவரிடம் தருகிறேன். பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல நம் செக்கிங் செக்‌ஷன் பாப்பா வந்திருக்கிறாள். யாரும் எழுந்திருக்க வேண்டாம்.