இல்லத்தில் ஒரு தையலறை

வீட்டிலே சமையலுக்கு ஓர் அறை உண்டு. வழிபாட்டுக்கு ஓர் இடம் உண்டு. பிள்ளைகள் படிப்பதற்கு ஒரு மேசை உண்டு. தையலுக்கோ பெரும்பாலான வீடுகளில் இடமே இல்லை. தையல் இயந்திரம் விறாந்தையின் ஓரத்தில் துணி போர்த்தி நிற்கும். அதன்மேல் பழைய புத்தகங்கள் ஏறியிருக்கும். கத்தரிக்கோல் சமையலறையில், நூற்கட்டை அலுமாரியின் அடித்தட்டில், அளவுநாடா பிள்ளைகளின் கையில். ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்க எண்ணினாலும் தேடுவதிலேயே அரைமணி நேரம் கழிந்துவிடுகிறது. இடமில்லாத தொழிலுக்கு வீட்டில் மதிப்பும் இருப்பதில்லை.

இத்தனைக்கும் அந்த இயந்திரம் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1851ஆம் ஆண்டில் ஐசாக் சிங்கர் தமது தையல் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1877ஆம் ஆண்டிலேயே அவர் பெயர் தாங்கிய நிறுவனம் கொழும்பில் வணிகம் தொடங்கிவிட்டது. 1990ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தபோது, வீடுகளில் ஓடியது காலால் மிதிக்கும் இயந்திரமே. உழைக்கும் துணையை இழந்த பெண்கள் பலர் அதனை மிதித்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தனர். குடும்பத்தைத் தாங்கிய அவ்வுழைப்பு, இருண்ட மூலையிலும் மங்கிய விளக்கொளியிலும் நடந்தது. அதற்கு விலையாகப் போனவை கண்ணும் முதுகும். ஆகவே தையலறை அமைப்பது ஆடம்பரமன்று. தைப்பவளின் உடல்நலத்தைக் காக்கும் ஏற்பாடு.

தனி அறை ஒன்று வேண்டும் என்பதில்லை. எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள ஓர் இடம் ஒதுக்கப்பட்டாலே போதும். முதலில் தீர்மானிக்கவேண்டியது, அங்கே என்ன வேலை நடக்கப்போகிறது என்பது. கிழிசல் தைப்பதற்கு ஒரு மூலை போதும். வீட்டாரின் உடைகளை வெட்டித் தைப்பதாயின் மேசை வேண்டும். பிறருக்குத் தைத்துக் கொடுப்பதாயின், அளவு கொடுக்க வருவோர் வீட்டின் உள்ளறைகளைக் கடந்து வராதபடி வாயிலுக்கு அண்மையில் இடம் அமைதல் நன்று. ஒரு கம்பியிலே திரைச்சேலை தொங்கவிட்டால், உடுத்திப் பார்ப்பதற்கு மறைவிடமும் ஆகிவிடும்.

அடுத்தது வெளிச்சம். தையலுக்கு வடக்கு யன்னலே சிறந்தது என்று மேனாட்டு நூல்கள் கூறும். அந்நாடுகளில் வடக்கு யன்னலில் பெரும்பாலும் நேர்வெயில் படுவதில்லை. யாழ்ப்பாணத்திலோ ஏப்பிரில் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசிவரை சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்தே செல்கின்றான். ஆதலால் இங்கு வடக்கு யன்னலுக்கும் தாழ்வாரத்தின் நிழல் வேண்டும். அது கிடையாதாயின் கிழக்கு யன்னலைக் கொள்ளலாம். காலை வெயில் தணிந்தபின் நாள் முழுவதும் இதமான வெளிச்சம் கிடைக்கும். மேற்கு யன்னலைத் தவிர்ப்பதே நலம். பிற்பகல் வெயில் கண்ணைக் கூசச்செய்யும். துணியின் நிறத்தையும் வெளுக்கச்செய்யும்.

வெளிச்சம் எப்பக்கமிருந்து வரவேண்டும்? இயந்திரத்தின் தூண் வலப்பக்கத்திலும் ஊசி இடப்பக்கத்திலும் இருக்கின்றன. வலப்பக்கத்து ஒளியைத் தூணும் கையும் மறைத்துவிடும். எனவே யன்னல் இடப்பக்கத்தில் அமையும்படி இயந்திரத்தை வைத்தல் வேண்டும். இரவு விளக்குக்கும் இதுவே விதி.

வெட்டுதல், தைத்தல், ஸ்திரிக்கை போடுதல் என வேலை மூன்று வகை. பாயை விரித்துத் தரையில் வெட்டுவது நம் வீடுகளில் வழக்கம். முதுகு வலிக்கு அதுவே பெருங்காரணம். வெட்டும் மேசை, நிற்பவளின் முழங்கைக்கு மூன்று நான்கு அங்குலம் தாழ்வாக இருக்கவேண்டும். சராசரி உயரமுள்ள பெண்ணுக்கு 34 முதல் 36 அங்குலம் பொருந்தும். உணவு மேசையின் உயரம் ஏறக்குறைய 30 அங்குலமே. அதன் கால்களுக்குக் குழியிட்ட மரக்கட்டைகளை வைத்தால் புதுமேசை வாங்கும் செலவில்லை. 60 அங்குல அகலத் துணியும் இரண்டாக மடித்தால் 30 அங்குலந்தான். ஆகவே 30 அங்குல அகலமும் ஐந்தடி நீளமும் போதுமானவை.

இயந்திரத்துக்கு இடப்பக்கத்திலும் பின்புறத்திலும் துணி தாங்குவதற்கு இடம் வேண்டும். துணி கீழே தொங்கினால் அதன் பாரம் ஊசியை இழுக்கும், தையல் கோணும். கதிரைக்குக் கைப்பிடி வேண்டாம். ஸ்திரிக்கைப் பலகை இரண்டு எட்டில் எட்டும்படி இருத்தல் நல்லது. ஒவ்வொரு மூட்டையும் தைத்தவுடன் அழுத்தினால்தான் உடை திருத்தமாக அமையும்.

மின்சாரத்தில் எச்சரிக்கை வேண்டும். 1000 வாட் ஸ்திரிக்கைப்பெட்டி, 230 வோல்ட்டில் நான்கு அம்பியருக்கு மேல் இழுக்கும். அதனை மின்குமிழ் இணைப்பிலிருந்தோ மெல்லிய கம்பியிலிருந்தோ எடுப்பது தீயை வீட்டுக்குள் அழைப்பதாகும். மின்னியந்திரம் வாங்கியவர்களும் பழைய மிதி இயந்திரத்தை விற்றுவிடுதல் தகாது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம்வரை நீண்டபோது, அதன் அருமை பலருக்குப் புலப்பட்டது.

சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில், வேலை முடிந்ததும் மிதி இயந்திரத்தின் வாரைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடவேண்டும். முறிந்த ஊசிகளுக்கு மூடியுள்ள தகரப்பேணி ஒன்று வேண்டும். சிதறிய குண்டூசிகளைப் பொறுக்க நூலிற் கட்டிய ஒரு காந்தம் போதும். மாரிகாலத்து ஈரம் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆதலால் எண்ணெயிட்டு மூடிவைத்தல் அவசியம். நூல், பொத்தான், பொபின் ஆகியவற்றை வெறும் கண்ணாடிப் போத்தல்களில் இட்டு இறாக்கையில் அடுக்கினால், பார்த்த மாத்திரத்தில் எடுக்கலாம்.

செலவிலும் ஒரு முறை உண்டு. காசு செலவின்றிச் செய்யக்கூடியது இயந்திரத்தை வெளிச்சத்துக்கு நகர்த்துவது. அதுவே முதல் வேலை. அடுத்து மேசையின் உயரம், பின்னர் விளக்கு, இறாக்கையும் அலுமாரியும் கடைசியில். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும். கண்ணும் முதுகும் நலமாயிருந்தால்தான், கற்ற தையல் முதுமைவரை கைகொடுக்கும்.