ஊருக்குப் போகும் நெடுவழியில் குழந்தைகள்

பள்ளிகள் கோடை விடுமுறைக்காக மூடப்படும் நாள் நெருங்கியதும், பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். ஊருக்கு என்று புறப்படுவது, எதில் புறப்படுவது என்பதே அப்பேச்சு. முன்னாளில் இதற்கு ரயில் ஒன்றே விடையாக இருந்தது. இன்றோ சாலைகள் அகன்று செம்மையுற்றுவிட்டன. சொந்தமாக மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பங்களும் பெருகிவிட்டன. ஆகவே, மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் சாலை வழியாகவே ஊர் சேர்வோம் என்று துணிவோர் பலராகிவிட்டனர்.

துணிவதில் தவறில்லை. ஆனால், பெரியவர்களுக்கு வசதியான பிரயாணம் வேறு, குழந்தைகளுக்கு இன்பமான பிரயாணம் வேறு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்பதிலேயே நம் கருத்து நிற்கிறது. குழந்தைக்குச் சேருமிடம் தெரியாது. அந்த வண்டிக்குள் இருக்கும் நேரந்தான் தெரியும். பிறந்தது முதல் அயல்மொழிகளின் நடுவே வளரும் நம் குழந்தைகளுக்குத் தாத்தா பாட்டியின் ஊர் என்பது ஆண்டுக்கொருமுறை காணும் ஊர். அவ்வூருக்குப் போகும் வழி வாந்தியும் அழுகையும் அதட்டலுமாக அவர்கள் நினைவில் பதிந்துவிட்டால், ஊரின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நிலை வந்துவிடும். அந்த இழப்பு சிறியதன்று. எனவே, இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக, மும்பையிலிருந்து சென்னைக்குப் போகும் வழியையே கொள்வோம். 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாகச் சென்றால் தூரம் ஏறத்தாழ 1,330 கிலோமீட்டர். புணே, சாத்தாரா, கோலாப்பூர் ஆகிய ஊர்களைக் கடந்து கருநாடகத்தில் புகுந்து, பெளகாவி, ஹுப்பள்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, தும்கூர், பெங்களூர் வழியாக ஓசூரில் தமிழகத்தை மிதிக்கிறோம். பிறகு கிருஷ்ணகிரி, வேலூர், சென்னை.

வண்டி ஓட்டுவதில் வல்லவர் ஒருவர், ஓரிரவு மட்டும் தங்கி இதைக் கடந்துவிடலாம் என்பார். பெரியவர்கள் மட்டும் செல்வதானால் அவர் விருப்பம். பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் உடன் வந்தால், பெளகாவியிலும் பெங்களூரிலுமாக இரண்டு இரவுகள் தங்குதல் நலம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உடனிருக்குமாயின், கோலாப்பூர், சித்ரதுர்கா, பெங்களூர் என மூன்று இரவுகள் தங்குதல் வேண்டும். இவ்வாறு பிரித்தால் எந்த நாளும் 400 கிலோமீட்டரை வெகுவாக மீறாது. மூன்றாம் நாள் 200 கிலோமீட்டரே எஞ்சுமாதலால், அன்று காலையில் சித்ரதுர்காக் கோட்டையைக் குழந்தைகளுக்குக் காட்டவும் பொழுது கிடைக்கும். விடியலில் புறப்பட்டு, அந்தி சாயுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடுதல் நன்று. இரவெல்லாம் ஓட்டினால் குழந்தைகள் தூங்கிவிடுவார்கள் என்று சிலர் கணக்கிடுகின்றனர். குழந்தைகள் தூங்கும் வேளையில் ஓட்டுபவரின் கண்களும் தூக்கத்துக்கு ஏங்கும் என்பதை அக்கணக்கில் சேர்க்க மறந்துவிடுகின்றனர்.

அடுத்து, குழந்தை எங்கே உட்காருவது என்பது. தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் ஏது என்று கேட்பது நம் இயல்பு. வீட்டில் அது மெய். ஓடும் வண்டியில் மெய்யன்று. வேகமாக ஓடும் வண்டி திடீரென நிற்கும்போது, பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையைக் கூடத் தாயின் கைகளால் பிடித்து நிறுத்த இயலாது. முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்வதோ இன்னும் கொடிது. விபத்தின்போது பெரியவரைக் காக்க விரியும் காற்றுப்பையே குழந்தைக்குக் கூற்றாகிவிடக்கூடும். குழந்தைகளுக்கென அமைந்த தனி இருக்கையைப் பின்புறத்தில் பொருத்தி, கைக்குழந்தையாயின் அதன் முகம் வண்டியின் பின்பக்கத்தை நோக்கியிருக்குமாறு அமர்த்துதல் வேண்டும். 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயது நிரம்பாத குழந்தையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைக்குரிய பாதுகாப்பு அமைப்பாலோ பிணைக்காமல் ஏற்றிச் செல்வோருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அபராதத்துக்காக அன்று, குழந்தைக்காகவே இதைச் செய்ய வேண்டும். புறப்படும் நாளில் திடீரெனக் கட்டிவைத்தால் எந்தக் குழந்தையும் வீறிட்டழும். ஒரு மாதம் முன்பிருந்தே அருகிலுள்ள கடைத்தெருவுக்கும் பூங்காவுக்கும் அவ்விருக்கையில் அமர்த்தியே அழைத்துச் சென்று பழக்குதல் அறிவுடைமை.

இனி, பிரயாணத்தில் பல குடும்பங்களை வாட்டும் தலைசுற்றலையும் வாந்தியையும் பற்றிச் சிறிது கூறுவோம். வண்டி வளைந்தும் குலுங்கியும் செல்வதைக் காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ மடியிலிருக்கும் புத்தகத்தையோ கைபேசியையோ பார்த்தபடி, எதுவும் அசையவில்லை என்கிறது. இவ்விரு செய்திகளும் முரண்படுவதால் விளையும் குழப்பமே வாந்தி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இது பெரும்பாலும் அணுகுவதில்லை. அதன்பின் பன்னிரண்டு வயது வரையில் மிகுதியாகக் காணப்படுகிறது. காரணம் தெரிந்துவிட்டால் பரிகாரமும் எளிது. கண்ணைத் தொலைவிலுள்ள மலையின் மீதோ அடிவானத்தின் மீதோ நிறுத்தச் செய்யலாம். வெளியே பார்க்கும்படியாக இருக்கையைச் சற்று உயர்த்தி வைக்கலாம். சாளரத்தைத் திறந்து காற்று வரவிடலாம். மும்பையைவிட்டுப் புணேக்குப் போகையில் கண்டாலாக் கணவாயில் ஏறும்போது இவற்றில் தனிக்கவனம் வேண்டும். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பது நம் பாட்டிமார் கைக்கொண்ட முறை, அதனால் தீங்கொன்றுமில்லை. மருந்து கொடுப்பதாயின் மருத்துவரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும். பெரியவர்களின் மாத்திரையை உடைத்துப் பாதியாகத் தருதல் கூடாது.

வயிறு முட்ட உண்பித்துப் புறப்படுவதும் தவறு, பட்டினி போட்டு அழைத்துச் செல்வதும் தவறு. சிறிது சிறிதாக, பல முறை கொடுப்பதே ஏற்றது. நம் முன்னோர் கட்டுச்சோறு கட்டிய வழக்கம் வீண் போகவில்லை. மிளகாய்ப்பொடி காரமின்றி எண்ணெய் தடவிய இட்லி, முதல் நாளுக்குப் புளியோதரை, வாழைப்பழம், பொரி ஆகியவை குழந்தையின் வயிற்றைக் கெடுக்கா. தயிர்ச்சாதத்தைக் காலையில் கட்டினால் நண்பகலுக்குள் உண்டுவிட வேண்டும். கோடை வெயிலில் அது மாலைவரை தாங்காது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். பாலூட்டுவதற்கு வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஓடும் வண்டியில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வேர்க்கடலை முதலியவற்றைக் கொடாதிருத்தல் நலம். ஒரு குலுக்கலில் அவை தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

இரண்டு மணிக்கு ஒருமுறையேனும் வண்டியை நிறுத்துதல் வேண்டும். முன்பு சுங்கச் சாவடிகளில் காத்து நின்றபோதாவது வண்டி ஓய்ந்தது. 2021ஆம் ஆண்டு முதல் ஃபாஸ்டாக் கட்டாயமாகிவிட்டதால் அங்கும் நிற்பதில்லை. நாமாகத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. நிறுத்திய இடத்தில் குழந்தைகள் கால்வீசி ஓடட்டும். பத்து நிமிட ஓட்டம் அடுத்த இரண்டு மணி நேர அமைதியை வாங்கித் தரும். ஒன்றுமட்டும் மறவாதிருப்போம்: தூங்குகிறதே, எழுப்புவானேன் என்று குழந்தையைப் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டு ஒரு கோப்பைக் காப்பி அருந்தப் போதல் ஒருபோதும் கூடாது. வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ பத்து டிகிரி வெப்பம் ஏறிவிடும். வழியில் இடர் நேரிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்ணையும், எவ்வகை ஆபத்துக்கும் 112 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

உடலுக்கு வேண்டியவற்றைச் சொன்னோம். இனி உள்ளத்துக்கு வேண்டியவை.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்பது குழந்தைகள் ஓயாமல் கேட்கும் கேள்வி. "ஆறு மணி நேரம்" என்று விடை பகர்ந்தால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது விளங்குவதில்லை. மணியின் நீளத்தை அது அறியாது. கண்ணால் காண்பதையும் கையால் தொடுவதையுமே அறியும். ஆகவே, ஒரு நூல் கயிற்றில் பன்னிரண்டு முடிச்சுகள் இட்டுக் குழந்தையின் கையில் கொடுத்துவிடலாம். புணே முதல் முடிச்சு. வேலூர் பன்னிரண்டாம் முடிச்சு. ஒவ்வோர் ஊரையும் கடந்ததும் அதற்குரிய முடிச்சைக் குழந்தையே அவிழ்க்கட்டும். அவிழ்ந்தது எத்தனை, எஞ்சியது எத்தனை என்பது அதன் விரல்களுக்கே தெரிந்துவிடும். கேள்வி நின்றுவிடும் என்று உறுதி கூற மாட்டோம். எரிச்சல் குறைந்து ஆவல் மிகும் என்று கூறுவோம்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு ஆறுகளை எண்ணும் வேலையைக் கொடுக்கலாம். சாத்தாராவுக்கு முன்னரே கிருஷ்ணா நதியைக் கடக்கிறோம். மகாபலேசுவரத்தில் தோன்றிய அது அங்கே இளம்பருவத்து ஆறு. 1996ஆம் ஆண்டு முதல் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் வழியாகச் சென்னை மக்களின் குடிநீரில் கலந்து வருவதும் அதே கிருஷ்ணைதான். "இங்கே பார்த்தாயே, இந்தத் தண்ணீரைத்தான் பாட்டி வீட்டில் குடிக்கப் போகிறாய்" என்று சொன்னால், எந்தச் சிறுவன் எட்டிப் பார்க்க மாட்டான்! ஹரிஹரத்தில் துங்கபத்திரை, ஹிரியூரில் வேதவதி என வரிசையாக வரும். வாணியம்பாடியைக் கடந்தபின் பாலாறு நம்மோடு துணைவருகிறது. பெரும்பாலும் நீரின்றி மணலாகவே காட்சி தரும். நீரில்லாத ஆறும் ஆறுதானா என்று குழந்தை கேட்கும். அதற்கு விடை கூற நாமும் சிறிது சிந்திக்க வேண்டியிருக்கும்.

கருநாடகத்தில் புகுந்ததும் மொழி விளையாட்டொன்று காத்திருக்கிறது. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தோடேயே வழங்கின. இந்தத் திறவுகோலைக் கொடுத்துவிட்டால், பிள்ளைகள் கடைப் பலகைகளிலும் சாலையோரப் பேச்சிலும் தாமே சொற்களைத் தேடிப் பிடிப்பார்கள். ஓசூரை அடையும்போது அதன் பெயரே ஒரு புதிராகிவிடும்: ஹொச என்றால் புதிய; ஆக, ஓசூர் என்பது நம் புதூர்தான். சித்ரதுர்காவில் ஒபவ்வாவின் கதையைச் சொல்லலாம். பாறை இடுக்கின் வழியே கோட்டைக்குள் நுழைந்த ஹைதர் அலியின் வீரர்களை, காவலன் ஒருவனின் மனைவி உலக்கை கொண்டே மாய்த்தாள் என்பது அவ்வூர் வழங்கும் வரலாறு. ஒனகே ஒபவ்வா என்று அவளை அழைக்கின்றனர். ஒனகே என்றால் உலக்கை. அயலாருடைய மொழி என்று நாம் எண்ணியது நம் மொழிக்கு இத்தனை நெருங்கிய உறவா என்ற வியப்பு, பிற மாநிலத்தில் வளரும் குழந்தைக்குத் தன் தாய்மொழியின்மீதும் பிறர் மொழியின்மீதும் ஒருசேர மதிப்பை ஊட்டும்.

கைபேசியை அடியோடு விலக்குதல் எல்லோர்க்கும் இயலாது. ஆனால், அதைக் கண்ணுக்குக் கொடாமல் காதுக்குக் கொடுக்கலாம். புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்னர், ஊரிலுள்ள பாட்டியாரையோ தாத்தாவையோ நான்கைந்து கதைகளைச் சொல்லச் செய்து, குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். பிற்பகலில் குழந்தைகள் சோர்ந்து சிணுங்கும் வேளையில் அக்குரலை ஒலிக்க விடுங்கள். கண் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். காது கதை கேட்டுக்கொண்டிருக்கும். தலை சுற்றாது. அது மட்டுமா? பாட்டியின் சொற்கள், அவர் இழுத்துப் பேசும் பாங்கு, அவர் ஊர்த் தமிழ் யாவும் குழந்தையின் செவிக்குப் பழகிவிடும். வீட்டு வாசலில் இறங்கும்போது எதிர்கொள்பவர் அன்னியராக இரார்; வழியெல்லாம் உடன் வந்தவராக இருப்பார்.

இறுதியாக ஒன்று. இத்தனை பணியையும் தாய் ஒருவர் தலையிலேயே ஏற்றிவிடுவது நியாயமாகாது. ஊட்டுவதும் துடைப்பதும் கதை சொல்வதும் அவரே என்றால், விடுமுறை அவருக்கு மட்டும் இல்லாமற் போகிறது. வண்டி ஓட்டாத நேரத்தில் தந்தையும், சற்று வளர்ந்த அக்காளும் அண்ணனும் முறை வைத்துக்கொண்டு பங்கேற்கட்டும். ஊர் சேர்ந்ததும், "பாட்டியிடம் போ, தாத்தாவுக்கு முத்தம் கொடு" என்று களைத்த குழந்தையை நெருக்க வேண்டாம். முகம் கழுவி, வயிறு நிறைந்து, ஒரு தூக்கம் போட்டு எழட்டும். தானே போய் மடியில் ஏறிக்கொள்ளும்.

நாம் பிழைக்க வந்த ஊருக்கும் பிறந்த ஊருக்கும் நடுவே கிடக்கும் 1,330 கிலோமீட்டரை வெறுந்தூரம் என்று எண்ணினால், அது கடந்து தொலைக்க வேண்டிய தொல்லையாகவே இருக்கும். நம் குழந்தைகளுக்கு இவ்விரண்டு ஊர்களுமே சொந்தம். இரண்டையும் இணைக்கும் அச்சாலையும் அவர்களுக்குச் சொந்தமே. அதை அவர்கள் அழுதுகொண்டு கடக்காமல், பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் கடக்கும்படி செய்தல் நம் கையில் இருக்கிறது. அரை நாள் தாமதமாகப் போய்ச் சேர்வதால் எந்தப் பாட்டியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.