கல்லை விழவைப்பது காலம்



ஈர்ப்பு என்பது காலவெளியின் வளைவு என்று சொன்னதுமே நம் வகுப்பறைகளுக்குள் ஒரு ரப்பர் விரிப்பு வந்துவிடுகிறது. நடுவில் கனத்த குண்டு, அது அமுக்கிய பள்ளத்தைச் சுற்றி ஓடும் கோலி. அந்தப் படத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விரிப்பில் பள்ளம் விழுவதே பூமியின் ஈர்ப்பால்தான். ஈர்ப்பைக் காட்டி ஈர்ப்பை எப்படி விளக்குவது? அதைவிடப் பெரிய குறை, அதில் காலத்துக்கு இடமே இல்லை.

மேலே எறிந்த கல்லைப் பாருங்கள். உயரம் கூடக் கூடக் கடிகாரம் விரைந்து ஓடும். மீட்டருக்கு ஏறத்தாழ 100 கோடி கோடியில் ஒரு பங்கு. வேகமாக நகரும் கடிகாரமோ மெதுவாக ஓடும். கையை விட்ட கணத்துக்கும் கைக்குத் திரும்பும் கணத்துக்கும் நடுவே, தன் கடிகாரத்தில் மிகுதியான நேரம் கழியும் பாதை எதுவோ, அதில்தான் கல் போகிறது. இன்னும் உயரே போனால் நேரம் கூடும். ஆனால் அதற்கு வேகம் வேண்டும், வேகம் நேரத்தைத் தின்றுவிடும். இந்த லாபமும் நட்டமும் சரிக்கட்டும் பாதையே நாம் காணும் பரவளையம். கல்லை இழுக்க ஒரு விசை தேவைப்படவே இல்லை.

இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டையும் அளந்துவிட்டார்கள். 1960இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர்கள் பவுண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் உயரத்தில் காமாக் கதிர்களைக் கொண்டு அளந்தார்கள். 2010இல் அமெரிக்காவின் போல்டரில் ஓர் அணுக்கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் உயர்த்தியதற்கே வேறுபாடு தெரிந்தது. நம் கொடைக்கானலில் வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரிய நிறமாலைக் கோடுகளில் தேடியதும் இதே விளைவைத்தான்.

அப்படியானால் வெளியின் வளைவு எங்கே தென்படுகிறது? ஒளியில். 1911இல் ஐன்ஸ்டைன் காலத்தின் பங்கை மட்டும் கணக்கிட்டு, சூரிய விளிம்பை உரசி வரும் ஒளி 0.83 வில்விநாடி வளையும் என்றார். அதைச் சோதிக்க 1914இல் சூரிய கிரகணம் பார்க்கக் கிரிமியா சென்ற ஜெர்மன் வானியலாளர் ஃப்ராய்ண்ட்லிக்கை, முதல் உலகப் போர் மூண்டதும் ரஷ்யர்கள் பிடித்துவைத்தார்கள். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாடு முழுமை பெற்று வெளியின் வளைவும் சேர்ந்தபோது விடை இருமடங்கானது. 1919 மே 29 அன்று, பிரேசிலின் சோப்ராலிலும் ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிப்பித் தீவிலும் எடுத்த கிரகணப் படங்கள் இருமடங்கின் பக்கமே நின்றன. ஒளிக்குக் காலமும் வெளியும் சரிபாதி. மெல்ல நகரும் கல்லுக்கோ ஏறக்குறைய எல்லாமே காலம்தான்.

இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. மாணவர்களுக்குக் காலவெளியைச் சொல்லும்போது கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள். நல்ல தமிழில், கணக்கையும் கூடவே கொடுத்துச் சொல்லுங்கள். அவர்களால் அது முடியும். மாநாட்டை மகிழ்ச்சியுடன் தொடங்கிவைக்கிறேன்.