போன எலெக்ட்ரான் திரும்பி வருமா?

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் இந்தப் பள்ளியில் படித்தவன். இன்று ஓர் இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் போதிக்கிறேன். சென்ற மாதம் இத்தோட்டத்துத் தகப்பனார் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏன் சார், லேசர் கீசர்னு பெரிய சயன்ஸ் எல்லாம் தமிழ்ல சொன்னா நம்ம பிள்ளைங்களுக்கு ஏறுமா?"

அந்தக் கேள்விக்குள்ளே ஒரு பயம் இருந்தது. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தத் தொடங்கியபோதும் பல வீடுகளில் இதே பயம்தான். வாதம் செய்து அதைப் போக்க முடியாது. ஆகவே ஒரு சங்கதியைச் சொல்கிறேன். ஏறுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

மாணவர்களே, வீட்டு உத்திரத்தில் ஒரு கயிறு கட்டி, நுனியில் ஒரு சின்னக் கல்லைத் தொங்க விடுங்கள். அதற்கு நேர் கீழே, கல் தொடும் உயரத்தில், ஒரு தீப்பெட்டியை நிறுத்துங்கள். கல்லை ஒரு பக்கம் இழுத்து விடுங்கள். நேராக வந்து பெட்டியைத் தட்டிவிடும். மறுபடியும் அதே அளவு இழுங்கள். ஆனால் விடும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளுங்கள். கல் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர, தொடவே தொடாது. அதே கல், அதே கயிறுதான். போகும் பாதை மட்டுமே வேறு.

இனி ஒளிக்கு வருவோம். ஒளி ஓர் அலை. துணி காயப்போடும் கயிற்றை ஒரு முனையில் கட்டி, மறுமுனையை மேலும் கீழும் உதறினால் அலை அப்படியே ஓடும். கையைச் சுழற்றினால் அலையும் சுழன்று போகும். ஒளியில் இப்படி அதிர்வது மின்புலம். அது எந்த வகையில் அதிர்கிறது என்பதையே தளவிளைவு என்கிறோம். ஆங்கிலப் புத்தகத்தில் போலரைசேஷன் என்றிருக்கும். வெயிலில் எல்லாத் திசை அதிர்வும் கலந்து கிடக்கும். லேசர் ஒளியையோ நேர்கோட்டில் அதிரவும் வட்டமாகச் சுழலவும் நாமே அமைத்துக்கொள்ளலாம்.

கடுமையான லேசர் ஒளி ஓர் அணுவின் மேல் பட்டால், அதன் மின்புலம் ஓர் எலெக்ட்ரானை வெளியே பிடுங்கிவிடும். அடுத்த கணமே மின்புலம் திசை மாறும். வெளியே இழுத்த கையே திருப்பித் தள்ளுவது போல! எலெக்ட்ரான் வேகமெடுத்துத் திரும்பி வந்து, தான் புறப்பட்ட அணுவின் மேலேயே மோதும். சில வேளைகளில் இன்னோர் எலெக்ட்ரானைத் தட்டிவிடும். சில வேளைகளில் அணுவோடு மீண்டும் சேர்ந்து, பெற்ற ஆற்றலைப் புற ஊதா ஒளியாகக் கக்கும்.

1987-இல் பிரான்சில் ஆன் லுயிலியே என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் ஆர்கான் வாயுவுக்குள் அகச்சிவப்பு லேசரைச் செலுத்தியபோது, எதிர்பாராத வகையில் பல புதிய ஒளிகள் கிளம்பின. 1993-இல் கனடாவைச் சேர்ந்த பால் கார்க்கம், மேலே சொன்ன போய்வரும் பயணத்தைக் கொண்டு அதற்கு விளக்கம் தந்தார்.

அப்படியானால், ஒளியை வட்டமாகச் சுழல விட்டால் என்ன ஆகும்? பிள்ளைகளே, தீப்பெட்டியை நினைத்துப் பாருங்கள்! எலெக்ட்ரான் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, அணுவைத் தவறவிடுகிறது. மோதல் இல்லை. புதிய ஒளியும் ஏறக்குறைய அணைந்துபோகிறது. எலெக்ட்ரானுக்குக் கயிறு கிடையாது, கயிறு உவமைதான். ஆனால் நேரே போனது திரும்பி வந்து மோதும், சுழன்று போனது தவறிப்போகும் என்பது இரண்டுக்கும் பொது.

இதையே ஒரு கதவாகவும் பயன்படுத்தினார்கள். லேசர் துடிப்பின் தொடக்கமும் முடிவும் வட்டமாக இருக்க, நடுவில் ஒரு கணம் மட்டும் நேர்கோடாக விட்டால், அந்த ஒரு கணத்தில் மட்டும் மோதல் நிகழும். 2006-இல் இத்தாலியில் இவ்வழியில் 130 அட்டோசெகண்ட் மட்டுமே நீடிக்கும் ஒற்றை ஒளித்துடிப்பை உண்டாக்கினார்கள். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடியும் நூறு கோடியாகப் பிரித்தால் கிடைப்பதே ஓர் அட்டோசெகண்ட். எலெக்ட்ரானின் ஓட்டத்தைப் பார்க்க அவ்வளவு குறுகிய வெளிச்சம் தேவைப்படுகிறது.

இத்துறைக்காக 2023-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு லுயிலியே அம்மையாருக்கும், பியர் அகோஸ்தினி, ஃபெரென்ஸ் க்ராவ்ஸ் ஆகியோருக்கும் கிடைத்தது. செய்தி வந்த நேரத்தில் அம்மையார் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இடைவேளையில் தொலைபேசியை எடுத்துக் கேட்டார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? வகுப்புக்குத் திரும்பிப்போய் மீதிப் பாடத்தை நடத்தினார்! இன்று பரிசு வாங்கும் பிள்ளைகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்ட அண்ணாச்சி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நான் தமிழில்தான் சொன்னேன். எந்த இடத்தில் ஏறவில்லை? ஆங்கிலம் படிக்க வேண்டும், மலாய் மொழியும் படிக்க வேண்டும், நன்றாகவே படிக்க வேண்டும். ஆனால் புரிந்துகொள்ளும் முதல் வாசல் தாய்மொழியாக இருப்பதால் பிள்ளைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்று ராத்திரி உங்கள் வீட்டில் யாராவது உத்திரத்தில் கயிறு கட்டி, தீப்பெட்டியைத் தேடினால் ஏசாதீர்கள். பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள்.