வெண்புள்ளிகளும் நானும்

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில், இயந்திரவியல் துறையின் 2005-2009 அணியைச் சேர்ந்த பொறியாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன்னால் இந்தத் திரையில் ஒவ்வொரு அணியின் குரூப் போட்டோவையும் காட்டினார்கள். எங்கள் அணியின் படம் வந்தபோது ஒரே கைதட்டல். அந்தப் படத்தில் என்னைத் தேடியவர்கள் யாராவது இருந்தால், வீண் வேலை. நான் அதில் இல்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று விடுதிக் காப்பாளரிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. இதோ, இந்தக் கை. இந்த உதடு. காரணம் இவ்வளவுதான்.

சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "பாய்லர் தொழில் பற்றிப் பேசுங்கள்" என்றார். நான், "அதைப் பற்றிப் பேச நம்மிடம் பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். வேறு ஒன்று பேசட்டுமா?" என்று கேட்டேன். அனுமதி தந்தார். அவருக்கு நன்றி.

எனக்குச் சொந்த ஊர் கொடும்பாளூர். திருச்சியிலிருந்து மதுரை போகும் சாலையில் விராலிமலையைத் தாண்டினால் எங்கள் ஊர். மூவர் கோயில் என்றால் பலருக்குத் தெரியும். ஏழாம் வகுப்பு படிக்கும்போது என் வலது கை விரல் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. ஒரு வருடத்துக்குள் இரண்டு கை விரல்கள், உதட்டோரம், கண்ணைச் சுற்றி, கழுத்து என்று பரவிவிட்டது.

என் அப்பாயி நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி வாங்கி, அரைத்துப் பூசி, என்னை வெயிலில் உட்கார வைத்தார்கள். இரண்டாம் நாள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. அப்பாயியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த விதையில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலை ஒளிக்கு உணர்வுள்ளதாக மாற்றும். எகிப்தில் நைல் கரையில் வளரும் வேறொரு செடியிலும் அதே வகைப் பொருள் இருக்கிறது. 1940களில் அங்குள்ள மருத்துவர்கள் அதைப் பிரித்தெடுத்து நவீன சிகிச்சையில் சேர்த்தார்கள். ஆக, அப்பாயி பிடித்த வழி சரி, அளவுதான் தெரியவில்லை. நமக்கெல்லாம் தெரியுமே, கணக்கில்லாமல் கொடுத்தால் எந்த இயந்திரமும் எரிந்துதான் போகும்.

அதற்குப் பிறகு, பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, அப்பா ஒரு வெளியூர் வைத்தியரிடம் அழைத்துப் போனார். "மூணு மண்டலத்தில் நிறம் திரும்பும்" என்றார் அவர். மீன் கூடாது, பால் கூடாது, புளி, எலுமிச்சை கூடாது. அப்பா இரண்டு பசுவை விற்றார். அம்மா எனக்கு ஆசை வரக்கூடாது என்று மூன்று வருடம் வீட்டில் யாருக்குமே மீன் குழம்பு வைக்கவில்லை. புள்ளி மட்டும் தன் பாட்டுக்குப் பரவியது.

இப்படித்தான் 2005 இல் இந்தக் கல்லூரிக்குள் நுழைந்தேன். நான்கு வருடமும் முழுக்கைச் சட்டை. மே மாதத்திலும் முழுக்கைதான். மெஸ்ஸில் கூட்டம் கலைந்த பிறகுதான் சாப்பிடப் போவேன். முதல் வருடம் என் அறையில் இருந்த ஒருவர், அவர் வீட்டில் சொன்னார்கள் என்று வேறு அறைக்கு மாறிப் போனார். அடுத்த நாள் அந்தக் கட்டிலில் பெட்டியைப் போட்டான் என் நண்பன் ஒருவன். "மாப்ள, ஜன்னல் ஓரம் காத்து நல்லா வருதுடா" என்று ஒரே வார்த்தைதான் சொன்னான். என் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தான். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். (கைதட்டல்)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் வகுப்பு. அரம் பிடித்துச் சமன் செய்த பரப்பைச் சரிபார்க்க நீலச் சாயம் தடவுவோம். வகுப்பு முடியும்போது அத்தனை பேர் கையும் நீலம். வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் என் கையும் மற்றவர்கள் கை மாதிரி இருக்கும். நான் கடைசியாகத்தான் கை கழுவுவேன்.

இறுதியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூ. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மறுநாள் காலை நேர்முகம். கைகுலுக்க வேண்டுமே என்ற ஒரே பயத்தில், விடியற்காலையில் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அன்று பகல் முழுவதும் மூவர் கோயில் புல்தரையில் உட்கார்ந்திருந்தேன். இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தனக்கும், தன் தேவியர் கற்றளி, வரகுணை இருவருக்குமாகக் கட்டிய மூன்று கோயில்கள் அவை. இன்று இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான். வந்தவர்கள் எல்லாரும் நிற்கிற இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நான் மட்டும் இல்லாத மூன்றாவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அன்றைய மனநிலை அப்படி. முகம் சரியாகட்டும், அப்புறம் வேலை. கை சரியாகட்டும், அப்புறம் நண்பர்கள், கல்யாணம், போட்டோ எல்லாம். "எல்லாம் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றே பத்து வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

என்னை உலுக்கியது 2011 இல் நடந்த ஒன்று. என் தங்கைக்கு வந்த நல்ல வரன் என்னைப் பார்த்த பிறகு நின்றுபோனது. "குடும்பத்துல வெண்குஷ்டம் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் அழுதேன். தங்கை சொன்னாள்: "அண்ணே, அந்த வீட்டுக்கு நான் போயிருந்தாத்தான் அழணும். நீ முதல்ல ஒரு நல்ல டாக்டரைப் போய்ப் பாரு." பதினோரு வருடத்தில், படித்த தோல் மருத்துவர் ஒருவரை நான் பார்த்ததே இல்லை! இன்ஜினீயரிங் படித்தவன் லட்சணம் இது.

2012 இல் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். அங்கே அந்த அம்மா முதலில் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். உறை போடாத கை. பிறகு உட்காரவைத்துச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த அரங்கத்தில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது, இது தேவைப்படும். ஏனென்றால் உலகத்தில் நூறு முதல் இருநூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது.

இது குஷ்டம் இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் என்ற செல்களை, நம் உடம்பின் பாதுகாப்புப் படையே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. அவ்வளவுதான். தொட்டால் ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. தமிழக அரசே "வெண்குஷ்டம்" என்ற சொல்லை விட்டு "வெண்புள்ளிகள்" என்று சொல்ல வேண்டும் என அறிவித்தது. அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். இதை வைத்துக் குஷ்டம் வந்தவர்களை ஒதுக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் கூட்டு மருந்தால் முழுக்கக் குணமாகும் நோய்தான்.

பரம்பரையா? சிறிது பங்கு உண்டு. ஆனால் வெண்புள்ளி உள்ளவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. சாப்பாடா? மீனுக்கும் பாலுக்கும் புளிக்கும் சம்பந்தமில்லை. இதை நான் வீட்டில் போய்ச் சொன்ன அன்று அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கெண்டைமீன் குழம்பு வைத்தார்கள்.

நம் தொழிலுக்குச் சம்பந்தமான ஒரு செய்தி. சில ரசாயனங்கள் பட்டாலும் தோல் வெளுக்கும். அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கைகள் வெளுத்தன. ஆராய்ந்ததில், அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறையில் கலந்த ஒரு வேதிப்பொருள்தான் காரணம் என்று தெரிந்து, 1939 இல் வெளியிட்டார்கள். ஸ்டிக்கர் பொட்டுப் பசையால் நெற்றியில் வெளுப்பதும் இந்த வகைதான். ஆலைகளில் பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

எனக்குக் களிம்பும், புற ஊதா ஒளி சிகிச்சையும் கொடுத்தார்கள். 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய குறுகிய பட்டை மட்டும். வாரம் இரண்டு தடவை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குழாய் விளக்குகள் சூழ்ந்த பெட்டிக்குள் நிற்க வேண்டும். சில விநாடியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுவார்கள். அப்பாயி வெயிலில் வைத்ததற்கு இதுதான் கணக்குப் போட்ட வடிவம்!

இரண்டு மாதம் ஒன்றுமே தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாவது மாதம் ஒரு காலையில் கண்ணாடியில் பார்த்தால், கழுத்தில் எள்ளைத் தூவினமாதிரி பழுப்புப் புள்ளிகள். ஒரு வருடத்துக்குள் கழுத்தும் கண்ணைச் சுற்றியும் ஏறக்குறைய முழுக்க நிறம் திரும்பிவிட்டது. விரலும் உதடும் அப்படியே இருந்தன. ஏன் என்று கேட்டேன். "தம்பி, புது நிறச் செல்கள் பெரும்பாலும் முடிக்கால்களிலிருந்துதான் கிளம்பி வரும். விரல் நுனியிலும் உதட்டிலும் முடி ஏது? விதை இருக்கிற இடத்தில்தானே முளைக்கும்" என்றார்கள்.

புள்ளி பரவாமல் ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருந்தால், நல்ல தோலை எடுத்து வைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. ரக்ஸோலிடினிப் என்ற களிம்புக்கு 2022 ஜூலையில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. எதுவுமே எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு பலன் தரும் என்ற உத்தரவாதம் கிடையாது. திரும்ப வரவும் செய்யலாம். "மூணு மாசத்தில் கேரண்டி" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். கடையில் நீங்களாக ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். தோல் மெலிந்துபோகும். தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முக்கியமாக, சீக்கிரம் போங்கள். என்னைப் போல் பதினோரு வருடம் கழித்துப் போகாதீர்கள்.

இப்போது நான் திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வெல்டிங் ஒளியிலும் புற ஊதா உண்டு. நிறமில்லாத தோல் சுலபமாகக் கருகும். அதனால் கையுறை போடுகிறேன், கையை மறைக்க இல்லை. எங்கள் வேலையில் ஒரு பாகம் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே தூக்கிப் போட்டுவிட மாட்டோம். ரீவொர்க் செய்யலாமா, ரிப்பேர் செய்யலாமா என்று பார்ப்போம். இன்னொரு முடிவும் உண்டு, "யூஸ் அஸ் ஈஸ்" என்போம். அளவு மாறியிருக்கிறது, ஆனால் அது செய்ய வேண்டிய வேலைக்குக் குறைவு ஒன்றும் இல்லை, அப்படியே பயன்படுத்து என்று கையெழுத்துப் போடுவோம். என் முகத்துக்கு ரிப்பேர் நடந்தது. இந்தக் கைக்கு "யூஸ் அஸ் ஈஸ்" என்று நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன். (சிரிப்பு)

அது ஒரே நாளில் வரவில்லை. இன்றைக்கும் புது ஆளிடம் கை நீட்டும்போது ஒரு விநாடி தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. 2015 இல் பெண் பார்க்கப் போனபோது, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டுதான் போனேன். எல்லாவற்றையும் முதலிலேயே சொன்னேன். அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்வி, "வலிக்குமா?" என்பதுதான். அவர்தான் என் மனைவி, அதோ குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். என் தங்கைக்கும் அதற்கு முன்னாலேயே நல்ல இடத்தில் அமைந்துவிட்டது.

தம்பி தங்கைகளே, புள்ளியாக இருக்கலாம், பிளவுபட்ட உதடாக இருக்கலாம், திக்குவாய், முடி கொட்டுவது, வளைந்த கால், எதுவாகவும் இருக்கலாம். மருத்துவம் பார்ப்பது கோழைத்தனம் இல்லை. தயங்காமல் பாருங்கள். மனசு தாங்கவில்லை என்றால் அதற்கும் மருத்துவர் இருக்கிறார், அவரையும் பாருங்கள். ஆனால் சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும், வாழ்க்கை மறுபக்கம் நடக்கட்டும். ஒன்று முடிந்தபிறகுதான் மற்றது என்று காத்திருக்காதீர்கள். அந்த நேர்முகத்துக்கு நான் போயிருந்தால் வேலை கிடைத்திருக்குமோ என்னவோ, தெரியாது. போகாமல் விட்டது மட்டும் என் தப்பு.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படி ஒருவர் உங்கள் வகுப்பில் இருந்தால் அறிவுரை வேண்டாம், மருந்தும் சொல்ல வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் பெட்டியைப் போடுங்கள். அது போதும்.

இன்று மாலை நான்கு மணிக்கு முகப்பு வாசலில் எங்கள் அணியின் புது குரூப் போட்டோ எடுக்கப் போகிறார்களாம். நான் முதல் வரிசையில், இரண்டு கையையும் மடிமேல் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன்.