சுமை போட்ட பாதைகள்

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடம் படித்தவர்களில் பலருக்குக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் மஞ்சள் பூக்கள் இன்னும் நினைவில் இருக்கும். அந்தப் பூக்கள் பூத்த ஏரிக்கரை வடமேற்கு இங்கிலாந்தில், கம்பிரியா மாவட்டத்தில் இருக்கிறது. லேக் டிஸ்ட்ரிக்ட் என்று உலகம் அறிந்த அந்த மலைநாட்டின் கணவாய்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். உயரம் என்று பார்த்தால் இவை பெரியவை அல்ல. கிர்க்ஸ்டோன் 454 மீட்டர், ஹார்ட்நாட் 393, ஹானிஸ்டர் 356. நம் கொடைக்கானல் மலைச்சாலையில் பாதி தூரம் ஏறுவதற்குள் இந்த உயரமெல்லாம் தாண்டிவிடும். ஆனாலும் இந்தக் கணவாய்களை நடந்தோ சைக்கிளிலோதான் கடக்க வேண்டும் என்பது என் கட்சி. உடம்புக்கு நல்லது, காற்று மாசுபடாது என்பதெல்லாம் உண்மைதான், அவை எல்லோரும் சொல்வதும்கூட. என் காரணம் வேறு. இங்குள்ள ஒவ்வொரு பாதையின் சரிவையும் தீர்மானித்தது யாரோ ஒருவர் சுமந்த சுமை. அந்தச் சரிவைப் புரிந்துகொள்ள, ஏறுகிறவரின் காலைவிட நல்ல கருவி கிடையாது.

ஹார்ட்நாட்டை எடுத்துக்கொள்வோம். எஸ்க்டேல் பள்ளத்தாக்கிலிருந்து கிழக்கே ஏறும் இந்தச் சாலை சுமார் 2 கிலோமீட்டரில் 300 மீட்டர் எழும்புகிறது. மிகச் செங்குத்தான இடங்களில் மூன்றடி முன்னே வைத்தால் ஓரடி மேலே போயாக வேண்டும். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய அகலம். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் பின்னோக்கி இறங்க வேண்டும். கார் ஓட்டுபவரின் கண் அடுத்த வளைவை விட்டு அகலாது, அகலவும் கூடாது. அதனால்தான் பாதி ஏற்றத்தில் இடப்பக்கமாக இருக்கும் ரோமானியக் கோட்டையைப் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். ஹேட்ரியன் பேரரசன் காலத்தில், அதாவது கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டப்பட்ட கோட்டை அது. அங்கே காவல் இருந்தவர்கள் டால்மேஷியப் படைப்பிரிவினர் என்று அங்கே கிடைத்த கல்வெட்டுத் துண்டு சொல்கிறது. இன்றைய குரோஷியாவின் வெயில் காயும் கடற்கரைப் பகுதியிலிருந்து திரட்டப்பட்ட படைப்பிரிவு இது; அதன் வீரர்களுக்கு வாய்த்ததோ மேகமும் மழையும் மூடிய இந்தச் சரிவு. சூடேற்றிய குளியலறையும், அதில் வியர்க்க உட்காரும் வட்ட அறையும் கட்டிக்கொண்டார்கள் என்பதில் வியப்பில்லை. கோட்டைக்கு மேலே, மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்திய அணிவகுப்பு மைதானம் இன்றும் தட்டையாகக் கிடக்கிறது. நேயர்களே, மூச்சு வாங்க ஏறி வந்த ஒருவர் அந்த மைதானத்தில் காலை வைத்ததும் முதலில் உணர்வது அந்தச் சமதரையைத்தான். இவ்வளவு மண்ணையும் கல்லையும் மனிதக் கைகள் வாரிப்போட்டிருக்கின்றன என்பதை அதுவரை ஏறிய ஏற்றம்தான் அவருக்குச் சொல்கிறது. சற்றுத் திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் மேற்கே கடல்வரை திறந்திருக்கும். ராவன்கிளாஸ் துறைமுகத்துக்கும் உள்நாட்டில் ஆம்பிள்சைட் கோட்டைக்கும் இடையே போன ராணுவச் சாலையை இங்கிருந்து காவல் காத்தார்கள். அந்தச் சாலை இன்றைய தார்ச்சாலையோடு சில இடங்களில் ஒட்டியும் சில இடங்களில் விலகியும் போகிறது. விலகும் இடங்களைப் புல்வெளியில் தேடிக் கண்டுபிடிப்பது நடப்பவருக்கு மட்டுமே வாய்க்கும். தாரின் கதையோ மிக அண்மையது. இரண்டாம் உலகப்போரின்போது டாங்கிப் பயிற்சியில் பழைய சாலை குலைந்துபோக, போருக்குப் பிறகு சீர்செய்து தார் போட்டார்கள். ஏறத்தாழ 1,900 ஆண்டு வரலாறுள்ள ஒரு வழியில் கார்தான் கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளி.

படைவீரன் போட்ட பாதைக்குப் பக்கத்தில் குதிரை போட்ட பாதையை வைத்துப் பாருங்கள். ஹானிஸ்டர் கணவாயின் உச்சியில் பச்சை நிறப் பலகைக்கல் வெட்டும் சுரங்கம் இருக்கிறது. வீட்டுக் கூரை வேய்கிற கல். அந்தக் காலத்தில் அதைச் சறுக்குக் கட்டையில் ஏற்றி, தொழிலாளி அதற்கு முன்னால் நின்று, சரளைச் சரிவில் அதோடு ஓடி இறங்குவார். பிறகு வெறுங்கட்டையை முதுகில் சுமந்துகொண்டு மேலே ஏறுவார். ஒரு நாளில் இதைப் பலமுறை செய்ய வேண்டும். அதே ஹானிஸ்டரிலிருந்து மோசஸ் டிராட் என்றொரு ஒற்றையடிப் பாதை தெற்கே புறப்படுகிறது. கல் சுமந்த மட்டக்குதிரைகள் வாஸ்டேலுக்குப் போன வழி. கிரேட் கேபிள் என்ற பெரிய மலை குறுக்கே நிற்கிறது. பாதை அதன்மேல் ஏறவே இல்லை. உயரத்தை வீணாக்காமல், ஏறக்குறைய ஒரே மட்டத்தில் மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. கல் சுமக்கும் குதிரையை வீணாக ஏற்றி இறக்க யாருக்கு மனம் வரும்? படைவீரன் நேராக ஏறினான், பொதிக்குதிரை சுற்றிப் போனது. இரண்டையும் ஒரே வாரத்தில் நடந்து பார்த்தவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு பாதையும் உண்டு, கனமானது. வாஸ்டேல் ஹெட் என்ற சிற்றூரில் ஒரு காலத்தில் இடுகாடு இல்லை. இறந்தவர்களைப் பர்ன்மூர் மேட்டைத் தாண்டி எஸ்க்டேலில் உள்ள தேவாலயத்துக்குக் கொண்டுபோய்த்தான் அடக்கம் செய்தார்கள். அந்தப் பிணப்பாதை இன்றும் நடக்கக் கிடைக்கிறது.

ஆடுகளை விட்டுவிட்டால் இந்த மலைக்கு நியாயம் செய்ததாகாது. ஹெர்ட்விக் என்ற இனம். பிறக்கும்போது குட்டி கறுப்பு, வளர வளர உடல் சாம்பல் நிறமாகி முகம் வெளுக்கும். வேலி இல்லாத மேட்டுநிலத்தில் ஒவ்வொரு மந்தைக்கும் அதற்கென்று ஒரு மேய்ச்சல் எல்லை உண்டு. அந்த எல்லையைக் குட்டிக்குத் தாய் ஆடு கற்றுக்கொடுக்கிறது. குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கும். 2001-இல் கோமாரி நோய் பரவி மந்தை மந்தையாக ஆடுகள் கொல்லப்பட்டபோது அங்கே எழுந்த பெரிய அச்சம் இதுதான்: ஆடுகளை வேறிடத்தில் வாங்கிவிடலாம், அந்த நிலத்தை அறிந்த ஆடுகளை எங்கே வாங்குவது? பள்ளத்தாக்கை ஒட்டிய சரிவுகளில் சாந்து பூசாத கற்சுவர்கள் மலையேறிப் போகின்றன. ஒரு சுவரின் அருகே சைக்கிளைச் சாய்த்துவிட்டு உற்றுப் பாருங்கள். இரண்டு முகப்புச் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்து எழும். நடுவில் சிறு கற்களை இட்டு நிரப்பியிருப்பார்கள். இடையிடையே ஒரு நீளக்கல் குறுக்கே ஓடி இரு முகப்பையும் பிணைத்திருக்கும். அடியில் ஆடு மட்டும் நுழையும் அளவில் சதுரத் துளை. மாடு தாண்டாது, ஆடு போகும். 2017-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அதைப் பண்பாட்டு நிலக்காட்சி என்றே வகைப்படுத்தியது. இந்தச் சுவர்களையும் மந்தைகளையும் பார்த்தவருக்கு அந்த வகைப்பாடு சரியென்றே படும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, கனமான எதிர்வாதம். மெதுவாகப் போங்கள் என்று சொல்வது ஓய்வும் வசதியும் உள்ளவர்களின் பேச்சல்லவா? இந்தக் குற்றச்சாட்டு வேர்ட்ஸ்வொர்த்தையே சேரும். கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் பாதை போடத் திட்டமிட்டபோது, 1844-இல் அவர் பத்திரிகையில் எதிர்த்து எழுதினார். ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை, இயற்கையை ரசிக்கும் பக்குவம் மெல்லத்தான் வரும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த இடத்தில் அவர் தவறினார் என்றே நான் கருதுகிறேன். 1847-இல் ரயில் வந்துவிட்டது. பின்னொரு காலத்தில், 1930-இல், பிளாக்பர்ன் என்ற பருத்தியாலை நகரத்திலிருந்து 23 வயது இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்தார். கல்தச்சரின் மகன், 13 வயதில் பள்ளியை விட்டு எழுத்தர் வேலைக்குப் போனவர். விண்டர்மியருக்குப் பக்கத்தில் உள்ள ஆரஸ்ட் ஹெட் என்ற சிறு குன்றில் ஏறி நின்று பார்த்தது அவர் வாழ்க்கையையே மாற்றியது. அவர்தான் ஆல்ஃப்ரெட் வெய்ன்ரைட். இந்த மலைகளின் 214 சிகரங்களை நடந்து நடந்து வரைந்து, கையெழுத்திலேயே ஏழு வழிகாட்டி நூல்களை 1955 முதல் 1966 வரை வெளியிட்டவர். வேர்ட்ஸ்வொர்த் எந்த நகரத்து மக்களுக்குப் பக்குவம் போதாது என்று நினைத்தாரோ, அந்த மாதிரி ஊரிலிருந்தே இந்த மலைக்கு மிகச் சிறந்த வாசகர் வந்தார். ரயில் வரட்டும், பேருந்து வரட்டும், எல்லோரும் வரட்டும். மலையடிவாரத்தில் இறங்கிய பிறகு கால் தன் வேலையைப் பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

முடியாதவர்கள்? அங்கேயே வாழும் விவசாயிகள்? சாலையை மூடச் சொல்லவில்லை. ஆட்டுக்குத் தீவனம் கொண்டுபோகும் வண்டிக்கும் மருத்துவருக்கும் வழி வேண்டும். முதுமையோ நோயோ தடுப்பவர்களுக்காக, படியும் வேலித் தடையும் இல்லாத பாதைகளைத் தேசியப் பூங்கா நிர்வாகம் தனியே வகுத்திருக்கிறது; சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும். மின்மோட்டார் உதவும் சைக்கிள் வந்தபின் அறுபது வயதுக்காரர்களும் கிர்க்ஸ்டோன் ஏறுகிறார்கள்; அதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஸ்டை ஹெட் என்ற கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே வண்டிச்சாலை போடும் யோசனை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. இன்றும் அது கல் பரவிய நடைபாதைதான். 1883-இல் ஹானிஸ்டர் கல்லை இறக்க ரயில்பாதை போட முயன்றபோது அதை எதிர்த்து நின்ற பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, 1895-இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவரானார். எல்லாக் கணவாயிலும் சாலை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை நிலைநாட்டியவர்கள் இவரைப் போல எதிர்த்து நின்றவர்கள்தான்.

கால்களும் மலையை அரிக்கின்றனவே என்பது இன்னொரு கேள்வி. அரிக்கத்தான் செய்கின்றன. ஆயிரக்கணக்கான கால்கள் புல்லைத் தேய்க்கும், அடுத்த மழை அந்தத் தடத்தை ஓடையாக்கும். ஃபிக்ஸ் தி ஃபெல்ஸ் என்ற கூட்டமைப்பில் தன்னார்வலர்கள் வடிகால் தூர்வாருகிறார்கள். பெரிய கற்களை ஹெலிகாப்டரில் இறக்கி, மண்ணில் ஆழப் புதைத்துப் பாதை பரப்புகிறார்கள். சைக்கிள்காரர்களுக்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் குதிரைவழிகளில் சைக்கிள் ஓட்டலாம், ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். வெறும் நடைபாதைகளில் ஓட்டும் உரிமை இல்லை. வரைபடத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு கோடுகள் உண்டு, புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. கிராஸ்மியரில் தொடங்கி ஒரே நாளில் 180 கிலோமீட்டருக்குக் கணவாய் கணவாயாகத் தாண்டும் ஃப்ரெட் விட்டன் சைக்கிள் பயணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை. ஓய்ந்துபோன கால்களோடு கடைசிக் கட்டத்தில்தான் ஹார்ட்நாட்டை ஏற வேண்டும் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இங்கிலாந்தில் படிக்கலாம், வேலை பார்க்கலாம். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ராவன்கிளாஸுக்கு ரயிலில் போய், அங்கிருந்து எஸ்க்டேலுக்குப் போகும் குட்டி ரயிலில் ஏறிக்கொள்ளலாம். 15 அங்குல அகலத் தண்டவாளம், 11 கிலோமீட்டர் தூரம். கடைசி நிலையத்தில் இறங்கினால் ரோமானியக் கோட்டை நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சைக்கிளில் போவதானால் இறக்கத்துக்கு முன் பிரேக்கைச் சோதித்துக்கொள்ளுங்கள், ஏற முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.