பார்த்தது போதும், பேச வேண்டும்!

(கல்முனையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில், தொலைக்காட்சி நிலையங்களின் வரலாறு குறித்து ஆற்றப்பட்ட சொற்பொழிவின் முக்கிய பகுதிகள்.)



தொலைக்காட்சி நிலையத்தின் வரலாற்றைக் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அந்த வரலாற்றுக்கும் கல்முனைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு இல்லாமற் போனதே நாம் பேச வேண்டிய வரலாறு. நாடு முழுவதையும் எட்டும் நிலையங்கள் தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் இருப்பிடமாகக் கொண்டவை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நாம் கண்ணாக இருந்திருக்கிறோம், காதாக இருந்திருக்கிறோம், வாயாக இருந்ததில்லை.

53 நாள் விடுதலை

1979ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில், இலங்கையின் முதல் தொலைக்காட்சி நிலையம் பன்னிப்பிட்டியில் பிறந்தது. ஷான் விக்கிரமசிங்க, அனில் விஜேவர்தன முதலியோர் முயன்று அமைத்த தனியார் நிலையம் அது. அதன் ஒளிபரப்பு எட்டியது கொழும்பையும் அதன் அயலையும் மட்டுமே. அந்த அளவில் அதுவும் ஓர் உள்ளூர் நிலையந்தான். பெயர் என்ன தெரியுமா? சுயாதீனத் தொலைக்காட்சி!

அந்தச் சுயாதீனம் எத்தனை நாள் நிலைத்தது? அதே ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அரசாங்கம் நிலையத்தைத் தன் வசப்படுத்திக்கொண்டது. 53 நாட்கள்! பெயரில் சுயாதீனம் எஞ்சியது. பிடி ஆட்சியாளர் கைக்குப் போயிற்று. 1992இல் அது கம்பனியாக மாற்றப்பட்டபோதும் அரசின் உடைமையாகவே இருந்தது.

பின்னர், யப்பானிய அரசின் உதவியுடன், 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாகினி தொடங்கியது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலைச் சிகரத்திலிருந்து அதன் அலைகள் நாடெங்கும் பரவின. ஒரே அலைவரிசையில் மும்மொழி. சிங்களத்துக்குப் பெரும்பங்கு, தமிழுக்குச் செய்தியும் சில நிகழ்ச்சிகளும். 1998இல் சக்தி தொலைக்காட்சி வந்தது. 2009இல், முன்னர் சொன்ன சுயாதீனத் தொலைக்காட்சியின் கிளையாக வசந்தம் வந்தது. நாள் முழுவதும் தமிழ் கேட்டது. மகிழ்ச்சி!

ஆனால், மொழி நம்முடையதாக இருந்தால் மட்டும் போதுமா? எது செய்தி, எது செய்தியன்று என்று தீர்மானிக்கும் மேசை எங்கே இருக்கிறது? மருதமுனைத் தறிகாரனின் நூல் விலை அந்த மேசைக்குச் செய்தியா? சம்மாந்துறை வட்டையில் நீர் வற்றியது செய்தியா? சாய்ந்தமருதுக் கரைவலைக்காரனின் வெறும் வலை செய்தியா? வெள்ளம் வந்தால், கலவரம் வந்தால், தேர்தல் வந்தால் நம் ஊரின் பெயர் தலைநகருக்கு நினைவு வரும். மற்ற நாளில் நாம் பார்வையாளர்!

அந்த டிசம்பர் காலை

இது வெறும் பெருமைக்கான கோரிக்கை அன்று; உயிர்ப் பிரச்சினை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, நம் நேரப்படி ஏழு மணியளவில், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கழித்தே கடல் நம் கரைக்கு வந்தது. இலங்கை முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை.

இங்கே ஒரு நிலையம் இருந்திருந்தால் இத்தனை பேரும் பிழைத்திருப்பர் என்று நான் கூறமாட்டேன். எச்சரிக்கும் ஏற்பாடே அன்று நாட்டில் இல்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அலை முதலில் அடித்தது கிழக்கை. தெற்கைச் சுற்றி ஹிக்கடுவைக்கு அண்மையிலுள்ள பெரலியவை அடையப் பின்னும் அரை மணி நேரமளவு ஆயிற்று. அங்கே ஒரு ரயிலில் மட்டும் 1,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனையிலிருந்து ஒரு குரல் நாட்டுக்குக் கேட்டிருந்தால்? 'கடல் வருகிறது, ஓடுங்கள்' என்று இங்கிருந்து எவரேனும் தீவு முழுவதற்கும் சொல்ல முடிந்திருந்தால்? கிழக்கின் வாய் அடைபட்டிருந்ததால் தெற்கின் காதும் செவிடாயிற்று!

சுமாத்திராவுக்கு அருகே சிமெலுவே என்றொரு தீவு இருக்கிறது. அலை அங்கே சில நிமிடங்களில் வந்தது. ஆயினும் இறந்தோர் ஒருசிலரே. 1907இல் கண்ட அழிவைப் பாட்டன்மார் தம் மொழியில் பேரருக்குச் சொல்லி வைத்திருந்தனர். நிலம் நடுங்கியதும் மக்கள் மேட்டுக்கு ஓடினர். தன் மக்களுக்குத் தன் மொழியில் பேசும் குரல் உயிர் காக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கைபேசி போதாதா?

'இன்று ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருக்கிறது, நிலையம் எதற்கு?' என்று இளைஞர்கள் கேட்கலாம். 2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவை நினைவுகூருங்கள். அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மருந்து கலந்திருப்பதாகக் கதை கட்டினர். கைபேசி அதைக் கணத்தில் பரப்பியது. உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கிடந்தது மருந்தன்று, மாவுக் கட்டியே என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் கண்டறிந்து கூறியது பிற்பாடு! பொய்க்குக் கால் முளைத்தாயிற்று; உண்மைக்கு ஒரு மேடை இல்லை. கைபேசியில் எவரும் பேசலாம், எவரும் பொறுப்பேற்பதில்லை. விசாரித்துச் சொல்லும், தவறினால் திருத்தும், பெயரும் முகவரியும் உடைய நிலையம் வேறு. காற்றில் வரும் கதை வேறு.

வானம் யாருடைய சொத்து?

'அலைவரிசை அரசின் சொத்து. கேட்க நமக்கு உரிமை உண்டா?' என்ற தயக்கம் வேண்டாம். வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997இல் இலங்கையில் ஒலி, ஒளிபரப்பு அதிகார சபை ஒன்றை நிறுவ அரசு சட்டமூலம் கொண்டுவந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று நமது உயர் நீதிமன்றம் கூறியது. ஆட்சியின் பிடியில் உள்ள சபை அலைவரிசைகளை ஆளலாகாது என்பதே அத்தீர்ப்பு தந்த பாடம். பொதுச் சொத்து எனில் கொழும்பின் பொதுமக்கள் மட்டுமா பொதுமக்கள்?

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். மலையில் உள்ள கொத்மலையைப் பாருங்கள். 1989இல் அங்கே ஒரு சமுதாய வானொலி எழுந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் இயங்கினும், அதில் ஒலித்தது ஊராரின் பேச்சு. 1999 முதல் கேட்போரின் வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி, அவர்கள் மொழியிலேயே சொன்னார்கள். மாளிகை தேவைப்படவில்லை, மனம் தேவைப்பட்டது. நம் பக்கத்தில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் 53 நாள் கதையை மறந்துவிடாதீர்கள்! ஒருவர் கையில் இருக்கும் நிலையத்தை இன்னொருவர் ஒரே நாளில் பறித்துவிடலாம். பல்லாயிரம் பங்காளரின் நிலையத்தைப் பறிப்பது எளிதன்று. ஆகவே அது ஒரு செல்வரின் கடையாகவும் வேண்டாம். ஒரு கட்சியின் கொட்டாகவும் வேண்டாம். நம் கட்சியானாலும் வேண்டாம்! மீனவரும் உழவரும் நெசவாளரும் ஆசிரியரும் பங்கு கொண்ட கூட்டுறவாக இருக்கட்டும். விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவும் பக்கத்துச் சாய்ந்தமருதும் ஒரே மேசையில் அமர்ந்து செய்தி எழுதட்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் கொழும்பு வழியாகக் கேட்டறியும் நிலை ஒழியட்டும்.

அலை வந்த நாளில் நம்மிடம் குரல் இல்லை. பொய் வந்த நாளிலும் நம்மிடம் குரல் இல்லை. அடுத்த நாள் எதனுடன் வரும் என்று எவர் அறிவார்? அது வருமுன் ஊருக்கொரு குழு அமையுங்கள், பங்கு திரட்டுங்கள், அலைவரிசை கேட்டு விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்லாவிட்டால் நீதிமன்றம் செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.